விமான ரேடியோவில் பேசப் பழகுவது எப்படி?

பைலட் பயிற்சியில் சேரும் பிள்ளைகள் பலர் விமானம் ஓட்டப் பயப்படுவதில்லை, மைக்கில் பேசத்தான் பயப்படுகிறார்கள். "மேடம், நான் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். எனக்கு ஆர்.டி. வருமா?" என்று யாராவது ஒருவர் கேட்காத பேட்ச் கிடையாது. விமானப் போக்குவரத்து கன்ட்ரோலராக, ரன்வேயைப் பார்க்கும் டவரிலும் நிலையத்தை நெருங்கும் விமானங்களைப் பார்க்கும் அப்ரோச்சிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, பல்லாவரத்தில் மாணவர்களுக்கு ஆர்.டி. எனப்படும் ரேடியோ டெலிஃபோனி சொல்லிக் கொடுக்கிறேன். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: வரும், தாராளமாக வரும்.

தைரியம் சொல்வதற்காக இப்படிச் சொல்லவில்லை. கன்ட்ரோலரும் பைலட்டும் பேசிக்கொள்ளும் ஆங்கிலம் கையடக்கமானது. எந்தச் சொல், எந்த வரிசையில், எந்தப் பொருளில் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. வரையறுத்து வைத்திருக்கிறது. கான்வென்ட்டில் படித்த பிள்ளைகள் சில நேரம் எனக்கு அதிக வேலை வைப்பார்கள். 'வீ வுட் லைக் டு' என்று தொடங்கி, நான்கு சொல்லில் முடிய வேண்டியதை இருபது சொல்லில் சொல்வார்கள். எதிர்பாராத நிலைமையை விளக்க எளிய ஆங்கிலமும் வேண்டும்தான். வெளிநாட்டுக்குப் பறக்க ஐ.சி.ஏ.ஓ. மொழித்தகுதியில் குறைந்தது நான்காம் நிலை வேண்டும். ஆனால் அது பேசப் பேச வந்துவிடும். முதலில் இந்த வரையறுத்த சொற்களைப் பிடியுங்கள்.

மைக்கை அழுத்துமுன்

ஃப்ரீக்வென்சி மாற்றியதும் உடனே பேசாதீர்கள். ஒரு சில நொடி காது கொடுங்கள். வேறு ஒருவர் கன்ட்ரோலரின் கேள்விக்குப் பதில் சொல்லப் போகிற நேரமாக இருக்கலாம். நாம் பயன்படுத்தும் வி.எச்.எஃப். ரேடியோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இரண்டு பேர் சேர்ந்து அழுத்தினால் கேட்பவருக்குக் 'கீய்ங்' என்ற சத்தம்தான் மிஞ்சும். அழுத்திய இருவருக்கும் அது தெரியவே தெரியாது, தாங்கள் பேசியது போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள்.

என்ன சொல்லப் போகிறோம் என்பதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். யாரைக் கூப்பிடுகிறோம், நாம் யார், எங்கே இருக்கிறோம், என்ன வேண்டும். இந்த வரிசை போதும். பட்டனை முழுதாக அழுத்தி, அரை நொடி விட்டு, பிறகு பேசுங்கள். முடித்த பிறகுதான் விரலை எடுக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு முதல் சொல்லோ கடைசிச் சொல்லோ வெட்டுப்படும். அது பல நேரம் அவர்களுடைய கால் சைன் (விமானத்தின் அழைப்புப் பெயர்) ஆக இருக்கும், யார் பேசியது என்றே டவருக்குத் தெரியாமல் போகும்.

வேகம் நிமிடத்துக்கு 100 சொல்லைத் தாண்டக் கூடாது என்பது ஐ.சி.ஏ.ஓ. விதி. கன்ட்ரோலர் எழுதிக்கொள்ள வேண்டிய செய்தி என்றால் இன்னும் மெதுவாக. எண்களுக்கு முன்னும் பின்னும் லேசாக மூச்சு விடுங்கள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'சார்' போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நம் பிள்ளைகளுக்கு மரியாதை நாக்கிலேயே ஊறியிருக்கிறது, அது நல்ல குணம்தான். ஆனால் பரபரப்பான ஃப்ரீக்வென்சியில் காட்ட வேண்டிய மரியாதை, அடுத்தவருக்கு நேரம் விட்டுக் கொடுப்பது.

எழுத்தும் எண்ணும்

ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று போகும் எழுத்து வரிசை 1956-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஏ முதல் இசட் வரை ஒப்பிக்கத் தெரிவதால் பயனில்லை, 'க்யூ' என்று கண்ணில் பட்டதும் 'கெபெக்' என்று வாயில் வர வேண்டும். அதற்கு ஜி.எஸ்.டி. சாலை போதும். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது வருகிற வண்டிகளின் நம்பர் பிளேட்டை எல்லாம் வாய்க்குள் படித்துக்கொண்டே இருங்கள். மீனம்பாக்கம் ஆர்.டி.ஓ. வண்டி என்றால் 'டாங்கோ நவம்பர் டூ டூ'. 21ஜி பஸ் வந்தால் 'டூ வன் கோல்ஃப்'. காசு செலவில்லாத பயிற்சி. என் மாணவர்களில் வேகமாகத் தேறியவர்கள் இப்படித்தான் தேறினார்கள்.

எண்களில் சிலவற்றுக்கு மட்டும் உச்சரிப்பு மாறும். மூன்று 'ட்ரீ', நான்கு 'ஃபோவர்', ஐந்து 'ஃபைஃப்', ஒன்பது 'நைனர்', ஆயிரம் 'டௌசண்ட்', தசமப் புள்ளி 'டெசிமல்'. இரைச்சலில் ஐந்தும் ஒன்பதும் ஒன்றுபோலக் கேட்கும் என்பதால்தான் அந்த ஃபைஃபும் நைனரும். நம் ஊர்க்காரர்களுக்கு ட்ரீயும் டௌசண்டும் தானாக வரும், கஷ்டம் 'ஃப' ஒலியில்தான். 'பைப்' என்று சொன்னால் எதிரில் இருப்பவருக்கு எண்ணாகவே கேட்காது. கீழுதட்டை மேல்பல் தொட்டுக் காற்று வெளியேற வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று பழகுங்கள்.

ரீட்-பேக்

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். கன்ட்ரோலர் சொன்னதைப் பைலட் திருப்பிச் சொல்வது ரீட்-பேக். அதைக் கன்ட்ரோலர் கவனித்துக் கேட்டு, தப்பு இருந்தால் திருத்துவது ஹியர்-பேக். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு செய்தி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு.

எல்லாவற்றையும் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. காற்று எத்தனை நாட் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கட்டாயம் சொல்ல வேண்டியவை இவை: வழித்தட கிளியரன்ஸ் (அனுமதி), ரன்வேயில் நுழைய, கடக்க, இறங்க, ஏற, அதற்கு வெளியே நிற்கச் சொல்லும் எந்த உத்தரவும், எந்த ரன்வே என்பது, ஆல்டிமீட்டரில் (உயரமானியில்) வைக்க வேண்டிய காற்றழுத்த எண்ணான க்யூ.என்.எச்., ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரின் எண், உயரம், ஹெடிங் (மூக்கு நோக்கும் திசை), வேகம். புது ஃப்ரீக்வென்சி கொடுத்தால் அதையும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

ஒரு சின்னப் பறப்பைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். மதுரை, ரன்வே 27. உங்கள் செஸ்னா 172-இன் பதிவெண் வி.டி.-ஏ.பி.சி. (ஏப்ரன் என்பது விமானங்கள் நிற்கும் தளம், டாக்ஸி என்பது தரையில் ஓட்டிச் செல்வது, ஹோல்டிங் பாயின்ட் என்பது ரன்வேக்கு வெளியே காத்து நிற்கும் இடம், சர்க்யூட் என்பது விமான நிலையத்தைச் சுற்றிவரும் பாதை.)

"மதுரை டவர், விக்டர் டாங்கோ ஆல்ஃபா பிராவோ சார்லி."

"விக்டர் டாங்கோ ஆல்ஃபா பிராவோ சார்லி, மதுரை டவர்."

"விக்டர் டாங்கோ ஆல்ஃபா பிராவோ சார்லி, செஸ்னா வன் செவன் டூ, மெயின் ஏப்ரன், ரிக்வெஸ்ட் டாக்ஸி ஃபார் சர்க்யூட்ஸ்."

"விக்டர் பிராவோ சார்லி, டாக்ஸி டு ஹோல்டிங் பாயின்ட் ரன்வே டூ செவன், க்யூ.என்.எச். வன் ஜீரோ ஜீரோ ஐட்."

"டாக்ஸி டு ஹோல்டிங் பாயின்ட் ரன்வே டூ செவன், க்யூ.என்.எச். வன் ஜீரோ ஜீரோ ஐட், விக்டர் பிராவோ சார்லி."

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். கன்ட்ரோலர் விமானத்தின் பெயரை முதலில் சொல்கிறார், நீங்கள் ரீட்-பேக்கில் அதைக் கடைசியில் வைக்கிறீர்கள். அடுத்தது, பெயரைச் சுருக்கியது கன்ட்ரோலர்தான். அவர் சுருக்கும்வரை நீங்கள் சுருக்கக் கூடாது. அதே நேரம் வி.டி.-சி.பி.சி. என்று இன்னொரு விமானம் வானில் இருந்தால் சுருக்கும்போது இரண்டுமே 'விக்டர் பிராவோ சார்லி' ஆகிவிடும். அது உங்களுக்குத் தெரியாது, டவருக்குத்தான் தெரியும்.

ஹோல்டிங் பாயின்ட்டுக்கு வந்ததும் "ரெடி ஃபார் டிபார்ச்சர்". டவர் "லைன் அப் அண்ட் வெயிட்" என்றால் ரன்வேயில் ஏறி நிற்கலாம், கிளம்பக் கூடாது. பிறகு "விண்ட் டூ ஃபோவர் ஜீரோ டிகிரீஸ் ஐட் நாட்ஸ், ரன்வே டூ செவன், கிளியர்ட் ஃபார் டேக்-ஆஃப்" என்று வரும். உங்கள் பதில், "ரன்வே டூ செவன், கிளியர்ட் ஃபார் டேக்-ஆஃப், விக்டர் பிராவோ சார்லி." ரன்வே எண்ணை விட்டுவிடாதீர்கள்.

வகுப்பில் இடம் மாற்றி உட்காருவோம். மாணவர் டவர், நான் பைலட். அவர் 1008 கொடுப்பார். நான் நிதானமான குரலில், தெளிவாக, "க்யூ.என்.எச். வன் ஜீரோ வன் ஐட்" என்று திருப்பிச் சொல்வேன். தாளில் 1008 என்று தன் கையால் எழுதி வைத்திருப்பார், பேனா முனை அந்த எட்டின் மேலேயே நிற்கும், ஆனாலும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். கிட்டத்தட்ட எல்லோரும் முதல் தடவை இப்படித்தான். தான் சொன்னதைத்தான் எதிரில் இருப்பவர் திருப்பிச் சொல்கிறார் என்று மனம் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. திருத்தம் சொல்ல வேண்டிய முறை இது: "நெகட்டிவ், க்யூ.என்.எச். வன் ஜீரோ ஜீரோ ஐட்." பத்து ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அளவு) வித்தியாசம் என்றால் ஆல்டிமீட்டரில் ஏறக்குறைய 280 அடி. 1008-க்குப் பதில் 1018 வைத்தவர், தான் இருப்பதாக நினைக்கும் உயரத்தைவிட அவ்வளவு கீழே பறந்துகொண்டிருப்பார்.

2022 மே 23 அன்று பாரிஸ் சார்ல் தெ கோல் விமான நிலையத்தில் இதே பத்து ஹெக்டோபாஸ்கல் தவறுதான் நடந்தது. ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த ஏர்பஸ் ஏ320. உண்மையான க்யூ.என்.எச். 1001. கன்ட்ரோலர் 1011 என்று சொல்லிவிட்டார். பைலட்டுகள் 1011 என்றே சரியாக ரீட்-பேக் செய்தார்கள். மழையும் மேகமுமாக இருந்ததால் தரை கண்ணில் படவில்லை. ரன்வேக்கு ஒரு மைல்கூட இல்லாத இடத்தில், தரைக்கு மேலே ஆறே அடி வரை வந்துவிட்டு மேலெழும்பினார்கள். யாருக்கும் காயமில்லை. இங்கே ரீட்-பேக் மட்டும் போதவில்லை என்பதைப் பாருங்கள். விமான நிலைய வானிலையைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பும் ஏட்டிஸ் பதிவில் 1001 என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே ஏட்டிஸ் கேட்டதும் நீ-பேடில் (தொடையில் கட்டும் குறிப்பு அட்டையில்) எழுதி வைத்து, கன்ட்ரோலர் சொல்லும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் "கன்ஃபர்ம் க்யூ.என்.எச்." என்று கேளுங்கள்.

இன்னொன்று மலேசியாவில், 1989 பிப்ரவரி 19. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்துக்கு வந்த ஃப்ளையிங் டைகர் 66, ஒரு 747 சரக்கு விமானம். கன்ட்ரோலர் சொன்னது "டிசெண்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ". 2,400 அடிக்கு இறங்கு என்று பொருள். இரண்டு என்ற 'டூ'வை 'அந்த உயரத்துக்கு' என்ற 'டு' ஆக எடுத்துக்கொண்டு, 400 அடி என்று பைலட்டுகள் புரிந்துகொண்டார்கள். "ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ" என்று பதிலும் சொன்னார்கள். அந்தப் பதிலை யாரும் திருத்தவில்லை. விமானம் மலைச்சரிவில் மோதி நான்கு பேரும் இறந்தார்கள். உயரம் சொல்லும்போது 'டூ டௌசண்ட் ஃபோவர் ஹண்ட்ரட் ஃபீட்' என்று முழுதாகச் சொல்ல வைப்பதும், 'ஃபீட்' என்பதை விட்டால் மறுபடி சொல்ல வைப்பதும் இதனால்தான். பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். நான் விடுவதில்லை.

சில சொற்கள்

'ராஜர்' என்றால், சொன்னது முழுவதும் காதில் விழுந்தது என்று மட்டும் பொருள். ரீட்-பேக் செய்ய வேண்டிய இடத்தில் ராஜர் சொல்லித் தப்பிக்க முடியாது. 'வில்கோ' என்றால் புரிந்தது, அப்படியே செய்கிறேன். ஆம் என்பதற்கு 'அஃபர்ம்', இல்லை என்பதற்கு 'நெகட்டிவ்'. 'ஸ்டாண்ட் பை' என்றால் காத்திரு, நானே கூப்பிடுகிறேன். அது அனுமதியும் இல்லை, மறுப்பும் இல்லை. 'கான்டாக்ட்' என்றால் அந்த ஃப்ரீக்வென்சிக்குப் போய்ப் பேசு, 'மானிட்டர்' என்றால் போய்க் கேட்டுக்கொண்டிரு, அவர்கள் கூப்பிடுவார்கள்.

'ஓகே' என்ற சொல்லைக் காக்பிட்டுக்கு வெளியே விட்டுவிடுங்கள்.

'டேக்-ஆஃப்' என்ற சொல்லுக்குத் தனிக் காவல் உண்டு. கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும், கொடுத்த அனுமதியை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் அதைச் சொல்லலாம். மற்ற எல்லா இடத்திலும் 'டிபார்ச்சர்'. 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரீஃப் தீவு. மூடுபனி. நெதர்லாந்தின் கே.எல்.எம். 747-க்குக் கொடுத்த வழித்தட கிளியரன்ஸிலேயே 'டேக்-ஆஃபுக்குப் பின் வலது பக்கம் திரும்பு' என்று அந்தச் சொல் வந்தது. துணை விமானி ரீட்-பேக் செய்துவிட்டு "வீ ஆர் நௌ அட் டேக்-ஆஃப்" என்றார். ரன்வேயில் நிற்கிறோம் என்கிறாரா, ஓடத் தொடங்கிவிட்டோம் என்கிறாரா? டவர் "ஓகே" என்று சொல்லி, சற்று இடைவெளி விட்டு, "ஸ்டாண்ட் பை ஃபார் டேக்-ஆஃப், ஐ வில் கால் யூ" என்றது. அதே நொடியில், அதே ரன்வேயில் வந்துகொண்டிருந்த அமெரிக்காவின் பான் ஆம் விமானம், தாங்கள் இன்னும் ரன்வேயில் இருப்பதைச் சொல்ல மைக்கை அழுத்தியது. கே.எல்.எம். காக்பிட்டில் தெளிவாக விழுந்தது அந்த 'ஓகே' மட்டும், மற்றது கீய்ங் சத்தம். இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். மேலே நான் சொன்ன விதிகளில் பாதி இந்த ஒரு பிற்பகலிலிருந்து வந்தவை.

'சே அகெய்ன்', 'அனேபிள்'

இந்த இரண்டையும்தான் நம் பிள்ளைகள் சொல்லத் தயங்குகிறார்கள். பெரியவர் சொன்னது புரியவில்லை என்றால் புரிந்ததுபோலத் தலையாட்டும் வழக்கம் வீட்டிலும் பள்ளியிலும் ஊட்டி வளர்த்தது. கன்ட்ரோலர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு விமானம் 'சே அகெய்ன்' கேட்டால் எங்களுக்கு எரிச்சல் வராது, நிம்மதியாக இருக்கும். சந்தேகம் நிறைந்த குரலில் அரைகுறையாக வரும் ரீட்-பேக்தான் வயிற்றைக் கலக்கும். பாதிதான் கேட்டது என்றால் எது கேட்கவில்லையோ அதை மட்டும் கேட்கலாம்: "சே அகெய்ன் ஹெடிங்." சொன்னதைச் செய்ய முடியாதென்றால் "அனேபிள்" என்று சொல்லிவிட்டுக் காரணத்தையும் சொல்லுங்கள். எதிரே இடிமேகம் நிற்கும்போது அந்தப் பக்கம் ஹெடிங் கொடுத்தால், "அனேபிள் டியூ வெதர்" என்று சொல்வது உங்கள் உரிமை மட்டுமில்லை, கடமையும்கூட.

ரேடியோவில் பேசுபவருக்குப் புரிந்தால் போதாது, ஓட்டுபவருக்கும் புரிய வேண்டும். 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவில் சர்க்கி தாத்ரி அருகே சவுதியா 747-உம் கஜகஸ்தானின் ஐ.எல்.-76-உம் நடுவானில் மோதி 349 பேர் இறந்தார்கள். கஜக் விமானத்துக்குக் கொடுத்த உயரம் 15,000 அடி, சவுதியாவுக்கு 14,000. எதிரே விமானம் வருகிறது என்று டெல்லி கன்ட்ரோலர் சொல்லவும் செய்தார். கஜக் விமானத்தில் டவரோடு பேசியவர் ரேடியோ ஆப்பரேட்டர், ஓட்டியவர்கள் வேறு ஆட்கள். விமானம் 15,000 அடியில் நிற்காமல் கீழே இறங்கிவிட்டது. இரண்டு பேர் காக்பிட்டில் இருந்தால், உயரம் பற்றிய உத்தரவு வந்தவுடன் ஒருவர் விரலால் காட்டி வாய்விட்டுச் சொல்ல, மற்றவரும் பார்த்து ஆமோதிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் தங்களுக்குள் விவாதிக்கக் கூடாது, டவரிடமே கேட்டுவிட வேண்டும்.

தேர்வு

இந்தியாவில் விமானத்தில் ரேடியோவைக் கையாள ஆர்.டி.ஆர். (ஏ) உரிமம் வேண்டும். நெடுங்காலம் தொலைத்தொடர்புத் துறை நடத்திய இந்தத் தேர்வு, பாரதிய வாயுயான் அதிநியம் 2024 என்ற சட்டம் வந்த பிறகு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. பொறுப்புக்கு மாறியிருக்கிறது. யார் நடத்தினாலும் படிக்க வேண்டியது ஒன்றுதான். தினமும் உரக்கப் பேசிப் பழகுங்கள். நண்பனைப் பக்கத்து அறையில் உட்கார வைத்து செல்போனில் பேசுங்கள். முகம் பார்த்துப் பேசினால் பாதி பொருளைக் கண்ணே சொல்லிவிடும், ரேடியோவில் அந்த வசதி கிடையாது.

ஆபத்து வந்தால்

1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே அவியான்கா 52 எரிபொருள் தீர்ந்து விழுந்து 73 பேர் இறந்தார்கள். முன்னுரிமை வேண்டும் என்றார்கள், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றார்கள், 'எமர்ஜென்சி' என்றோ 'மேடே' என்றோ கடைசிவரை சொல்லவில்லை. பத்து விமானங்கள் வரிசையில் நிற்கும் மாலையில் 'பெட்ரோல் கம்மி' என்பது கன்ட்ரோலருக்கு ஒரு தகவலாகத்தான் போகும். இன்று இதற்கு அளந்து வைத்த சொற்கள் இருக்கின்றன. இனி தாமதம் கூடினால், கட்டாயம் மிச்சம் வைக்க வேண்டிய கடைசி இருப்பில் கைவைக்க வேண்டிவரும் என்றால் "மினிமம் ஃப்யூயல்". இறங்கும்போது அந்த இருப்புகூட மிஞ்சாது என்று தெரிந்தால் "மேடே மேடே மேடே ஃப்யூயல்".

மேடே அழைப்பின் வரிசை: மூன்று முறை மேடே, யாரைக் கூப்பிடுகிறீர்கள், உங்கள் கால் சைன், என்ன ஆபத்து, என்ன செய்யப் போகிறீர்கள், எங்கே, எந்த உயரம், எந்தத் திசை. "மேடே மேடே மேடே, மதுரை டவர், விக்டர் டாங்கோ ஆல்ஃபா பிராவோ சார்லி, இன்ஜின் ஃபெயிலியர், ஃபோர்ஸ்டு லேண்டிங், ஃபைஃப் மைல்ஸ் சவுத் ஆஃப் ஏர்ஃபீல்டு, டூ டௌசண்ட் ஃபீட், ஹெடிங் ட்ரீ சிக்ஸ் ஜீரோ." அவசரம்தான், ஆனால் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை என்றால் 'பான் பான்' மூன்று முறை. பேசிக்கொண்டிருக்கும் ஃப்ரீக்வென்சியிலேயே சொல்லுங்கள், பதில் இல்லையென்றால் 121.5. டிரான்ஸ்பாண்டரில் 7700. இதெல்லாம் விமானத்தைக் கையில் நிறுத்திய பிறகுதான். மூக்கு எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் மைக்கைத் தேடாதீர்கள்.

ரேடியோவே செத்துவிட்டால் 7600 போட்டுவிட்டு, சர்க்யூட்டில் சேர்ந்து டவரின் விளக்கைப் பாருங்கள். நிலையான பச்சை என்றால் இறங்கலாம். நிலையான சிவப்பு என்றால் மற்ற விமானத்துக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். பச்சை விட்டு விட்டு எரிந்தால் இறங்குவதற்குத் திரும்பி வா, சிவப்பு விட்டு விட்டு எரிந்தால் இங்கே இறங்காதே. பகலில் இறக்கையை இரண்டு பக்கமும் ஆட்டிக் காட்டினால் நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்று டவருக்குத் தெரியும். இரவில் லேண்டிங் லைட்டை இரண்டு முறை போட்டு அணையுங்கள்.